உத்திரத்தின் வடபால் மங்கலைக் கண்டவள்

நலம் ஓங்குக. பதினெட்டுத் துறைமுகங்களுக்கும் ஒரு குடையாய் நிற்பவரும், கரை காணாக் கடலைக் காவலாகக் கொண்டவரும், வானை அளக்கும் பெருங்குழலைத் தம் காலத்திலேயே எழுப்பி முடித்தவருமான துறைநாட்டு அரசி அல்லியங்கோதை மாதேவியார் திருமுன், பொறைநாட்டின் திருவோலை அமைச்சனாக நேற்று வரை இருந்த தாழிக்கிழான் நம்பன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. தேவியாரின் நாட்டில் பருவமழை தவறாதிருக்க. கலங்கள் போன திசையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருக்க. தேவியாரின் கணியர்கள் கண்ணொளி குன்றாமல் நெடிது வாழ்க.

இது இரண்டாம் ஓலை. முதலாவது, எங்கள் மன்னர் கோச்செழுமான் இறையூரரின் இலச்சினை தாங்கி, பட்டுறையில் சுற்றப்பட்டு, தூதரின் கையால் இதற்குள் தேவியாரை அடைந்திருக்கும். தேவியார் வினவிய, வானில் மங்கிய வெளுப்பாய்த் தெரியும் வான்மங்கலைக் கண்டவர் காலஞ்சென்ற பெருங்கணி அந்துவனார் என்றும், அதன் பெயர் தத்தை மங்கல் என்றும் அதில் எழுதியிருக்கும். எழுதிய கை இதே கை. எழுதியது பொய். அப்பொய்யைத் திரும்பப் பெறுவதற்காகவே இந்த ஓலை எழுதப்படுகிறது.

ஓலை எழுதுவோன் தன்னை வேற்றாள்போலக் குறிப்பது எங்கள் மரபு. ஆகவே இங்கே 'அமைச்சன்' என்று வருமிடமெல்லாம் அது இந்த நம்பனே. அவையில் பேசப்பட்டவற்றை ஓலை மொழியில் தந்திருக்கிறது. ஒருத்தியின் சொற்களை மட்டும் அவள் நாவில் வந்தபடியே எழுதியிருக்கிறது. அவற்றைத் திருத்தி எழுத அமைச்சனுக்கு உரிமை இல்லை.

தேவியார் கேட்டிருந்தது ஒன்றே. இரு நாடுகளும் ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளும் வான்நோக்கு ஏடுகளில், ஏழாண்டுக்கு முன் பொறைநாட்டிலிருந்து வந்த ஓர் ஏட்டில், உத்திர விண்மீனுக்கு வடக்கே மிக மங்கிய ஒரு வெளுப்பு வரையப்பட்டிருந்தது. நடுவில் நேரான ஒரு கோல். கோலின் இரு முனைகளிலிருந்தும் எதிரெதிராக வளைந்து செல்லும் இரண்டு கைகள். துறைநாட்டுக் கணியர் தங்கள் குழல்களில் அதைக் காணாமல், வரைந்தவரின் கற்பனை என்று ஏட்டைக் கட்டி வைத்துவிட்டார்கள். இவ்வாண்டு பெருங்குழல் எழுந்து பார்த்தபோது வரைந்தபடியே இருக்கிறது. எங்கள் பெருங்குழலில் பாதி அளவுகூட இல்லாத குழலில் இதைக் கண்ட கண் யாருடையது, அவரை அனுப்புங்கள், சிறப்புச் செய்ய விரும்புகிறோம் என்று தேவியார் எழுதியிருந்தார்.

அந்தக் கண் சேந்தி என்பவளுடையது.

சேந்தி கன்னார் குடியில் பிறந்தவள். செம்பும் வெள்ளீயமும் உருக்கி வார்ப்பது அவர்கள் தொழில். பனிக்கோட்டு மலைமேல் உள்ள எங்கள் நோக்குக் குழலின் அடியில் பதிந்திருக்கும் கண்ணாடியை வார்த்தவர் அவள் தந்தை. அந்தக் கண்ணாடி மலைக்காற்றின் ஈரத்தில் சில மாதங்களிலேயே கறுத்துப்போகும். அதைக் கழற்றிப் பொடியிட்டுத் துலக்கி, பழைய குழிவு மாறாமல் திரும்பப் பொருத்துவதற்காகத் தந்தைக்குப் பின் அவள் மலையிலேயே தங்கினாள். துலக்கியது சரிதானா என்று அறிய ஒவ்வொரு முறையும் விண்மீன்களைப் பார்த்தாக வேண்டும். அப்படிப் பார்த்துப் பார்த்து, பார்ப்பதற்கென்றே அமர்த்தப்பட்டிருந்தவர்களைவிட நன்றாகப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். விண்மீனாக இல்லாமல், மூச்சுப் பட்ட கண்ணாடிபோல வானில் வெளுத்துக் கிடக்கும் இடங்களையே நாங்கள் வான்மங்கல் என்கிறோம். அவற்றின் இருப்பிடமும் உருவமும் குறித்த நிரல் ஒன்றை மன்னர் பெயரால் தொகுத்து வந்தோம். அதில் நாற்பத்து மூன்று அவள் சேர்த்தவை. நிரலின் முகப்பில் பெருங்கணி அந்துவனாரின் பெயர் இருந்தது. அதை அவள் குறையாகச் சொன்னதை யாரும் கேட்டதில்லை.

அந்துவனாரைத் தீயவர் என்று தேவியார் எண்ணிவிட வேண்டாம். மன்னருக்கு எண்ணும் எழுத்தும் கற்பித்தவர் அவர். பத்தாண்டுகளாகவே அவருக்குப் பார்வை மங்கியிருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மலையேறுவதையும் நிறுத்திவிட்டார்.

மன்னருக்கு ஒரே மகள். தத்தை என்று பெயர். ஏழு வயதில், ஓர் ஐப்பசியில், நான்கே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு மன்னர் அவைக்கு வரவில்லை. உணவைத் தொடவில்லை. எல்லையில் கலகம் என்று ஓலை வந்தது. உறை பிரிக்காமல் கிடந்தது. பதினோராம் நாள் அந்துவனார் உள்ளே சென்று, குழந்தை பிரிந்த அந்த இரவிலேயே உத்திரத்தின் அருகில் புதிதாக ஒரு மங்கல் தோன்றியிருக்கிறது, குழந்தையின் முகம்போல வட்டமாக இருக்கிறது என்று சொன்னார். மன்னர் அன்று மாலை கஞ்சி குடித்தார். மறுநாள் அவைக்கு வந்தார். அந்தச் சொல் இரக்கத்தில் பிறந்தது என்பதை அமைச்சன் இன்றும் நம்புகிறான். அப்போது அதற்காக அந்துவனாரை மனத்துக்குள் வணங்கவும் செய்தான்.

தத்தை மங்கல் என்று அதற்குப் பெயரிட்டார்கள். வெறுங்கண்ணுக்கு அங்கே எதுவும் தெரியாது என்று அறிந்தும், உத்திரம் எழும் மாதங்களில் மன்னர் நாள்தோறும் மேல்மாடத்தில் போய் நின்றார்.

பெயர் வைத்தாயிற்று, நிரலில் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு இடமும் உருவமும் வேண்டும். அளந்து வரைந்து அனுப்பும்படி பனிக்கோட்டுக்குக் கட்டளை போயிற்று. சேந்தி மாசி முழுவதும் தேடினாள். பங்குனியிலும் தேடினாள். மேகமில்லாத இரவுகள் இருபத்திரண்டு கிடைத்தன. அந்துவனார் சொன்ன இடத்தில் ஒன்றுமே இல்லை. ஆனால் அங்கிருந்து ஒன்றரைப் பாகை வடக்கே தேடல் நகர்ந்தபோது, இருக்கிறதா இல்லையா என்று கண்ணே ஐயுறும்படி ஏதோ ஒன்று அவளுக்குத் தட்டுப்பட்டது. அதை முழுதாக வரைய ஏழு இரவுகள் ஆயின. அவள் ஏட்டில் உள்ளபடி எழுதினாள்: கட்டளையில் குறித்த இடம் வெறுமை, வடக்கே கோலும் இரு கைகளும் உடைய மங்கல் ஒன்று உண்டு, மிக மங்கியது. வழக்கப்படி ஒரு படி எடுத்துத் துறைநாட்டுக்குப் போகும் கட்டில் வைத்தாள். அந்தக் கட்டு மலையிலிருந்து நேரே துறைமுகத்துக்குப் போய்விட்டது. தேவியாரிடம் இருக்கும் ஏடு அதுவே. மூல ஏடு அந்துவனாரிடம் வந்தது.

அந்துவனார் அவளுக்கு மறுஓலை விடுத்தார். கண்டதை வட்டமாக வரைந்து, சொன்ன இடத்தில் குறித்து அனுப்பு, உன்னை மலைக்கணி ஆக்குகிறேன் என்றார். அவள் முடியாது என்றாள். இரண்டாம் முறையும் எழுதினார். அதற்கும் அதே மறுமொழி. பிறகு அவர் அமைச்சனின் இல்லத்துக்கே நடந்து வந்து, அவளிடம் எடுத்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அமைச்சன் மலையேறினான்.

அவனுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. மேலே போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. சேந்தி அவனுக்குச் சுக்கு வெந்நீர் கொடுத்தாள். கைகள் துலக்கும் பொடியில் சிவந்திருந்தன. அவன் சொல்ல வந்ததை எல்லாம் குறுக்கிடாமல் கேட்டாள். நாட்டின் நலம், மன்னரின் மனநிலை, ஒரு கோடு மாற்றி வரைவதால் வானுக்கு ஒரு கேடும் வராது என்பது வரை அவன் சொல்லி முடித்தான்.

"கொளந்த பேர இதுக்கே வைங்கய்யா, நான் வேணாங்கல," என்றாள். "ராசாவுக்கு ஆறுதலுன்னா எனக்கும் சந்தோசம்தான். ஆனா வட்டமா இல்லாதத வட்டம்னு எப்படிப் போட? நாளைக்கு இன்னொருத்தர் அந்த எடத்துல வந்து தேடுவாங்க. ராத்திரி ராத்திரியாத் தேடுவாங்க, நான் தேடுன மாதிரி. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அப்படியானால் அதைக் காட்டு என்று அமைச்சன் கேட்டான். இருட்டியதும் அவள் குழலைத் திருப்பினாள். ஏணியில் ஏறி, கண்ணை வைத்தான். கறுப்பும் நாலைந்து விண்மீனும் மட்டுமே தெரிந்தன. ஒன்றும் இல்லையே என்றான்.

"நேராப் பாக்காதீங்க. நேராப் பாத்தா ஓடிப்போகும். அந்த ரெண்டு மீனுக்கும் நடுவுல வச்சுட்டு, பார்வைய வலது பக்கம் கொஞ்சம் ஒதுக்குங்க. மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க. சும்மா இருங்க."

அவன் சும்மா இருந்தான். நெடுநேரம் ஆயிற்று. பிறகு, பார்க்காத பக்கத்தில், ஒரு கோல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் இல்லை. பார்வையை ஒதுக்கினால் இருந்தது. அதன் ஒரு முனையிலிருந்து ஏதோ ஒன்று வளைந்து போயிற்று. தெரிகிறதா என்று கீழேயிருந்து அவள் கேட்டாள். தெரிகிறது என்றான். அவள் சிரித்தாள். அதுவரை அவளைத் தவிர அதைக் கண்டவர் வேறு எவரும் இல்லை.

மன்னரிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம், வடக்கே உள்ளதற்கே குழந்தையின் பெயரைச் சூட்டலாம், அந்துவனார் இடத்தைச் சற்றுத் தவறிச் சொல்லிவிட்டார் என்று முடித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே அமைச்சன் மலையிறங்கினான். வழியெல்லாம் சொற்களைக் கோத்துக்கொண்டு வந்தான்.

ஆனால் அவன் வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. இளவரசி இருக்குமிடம் வெறுமை என்று மலையில் ஒருத்தி எழுதியிருக்கிறாள் என்று யாரோ மன்னர் காதில் போட்டுவிட்டார்கள். அவளை அவைக்கு அழைத்து வந்தார்கள். மன்னர் முகம், குழந்தை போன முதல் நாட்களில் இருந்ததுபோல் ஆகியிருந்தது. எழுதியது உண்மையா என்று கேட்டார்.

"உண்மைதாங்க மகாராசா. அங்க ஒண்ணும் இல்ல. ஆனா பக்கத்துலயே ஒண்ணு இருக்கு. ரொம்ப அழகா இருக்கு. அத வேணும்னா…"

மன்னர் கையை உயர்த்தினார். அவள் நிறுத்திக்கொண்டாள். அந்துவனார் தாம் வட்டமாகக் கண்டதாக உறுதி கூறினார். கூறும்போது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் சொல்வதை வேறு எவரேனும் கண்டதுண்டா என்று மன்னர் கேட்டார். சேந்தி உடனே திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஐயத்தின் சாயலே இல்லை. "அமைச்சர் ஐயா பாத்தாங்க," என்றாள்.

நம்பா, நீ கண்டாயா என்று மன்னர் கேட்டார்.

காணவில்லை அரசே என்று அமைச்சன் சொன்னான்.

ஏன் அப்படிச் சொன்னான் என்பதற்கு ஏழாண்டுகளாக அவன் பல காரணங்களைத் தேடி வைத்திருக்கிறான். மன்னர் மறுபடியும் படுத்துவிடுவார், எல்லை பறிபோகும் என்பது ஒன்று. முதியவர் அந்துவனார் அவை நடுவே அவமானப்படுவார் என்பது ஒன்று. இவை பொய்யல்ல. ஆனால் அந்த நொடியில் அவன் நாவை அசைத்தது இவற்றில் எதுவுமல்ல. மன்னரின் கண்ணைக் கண்டு அவனுக்கு அச்சம் வந்தது, அவ்வளவே. தேவியாருக்குப் பொய் எழுதிக் களைத்த கை ஆகையால் இதை மறைக்கவில்லை.

சேந்தி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இறந்த குழந்தையை இகழ்ந்தாள் என்று தீர்ப்பாயிற்று. மூல ஏட்டைச் சுரண்டி அழித்தார்கள். அவளைக் களர்முனை உப்பளத்துக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பினார்கள். அவை கலைந்தபின் அந்துவனார் படியில் அமைச்சனின் கையைப் பற்றிக்கொண்டு, காப்பாற்றினீர் என்றார். அந்தக் கையை அவன் உடனே விடுவித்துக்கொள்ளவில்லை. பிறகு மேலும் ஏழாண்டு திருவோலை அமைச்சனாக இருந்தான். நல்ல அமைச்சன் என்றே பெயர் எடுத்தான். களர்முனைக்கு ஒருமுறையும் போகவில்லை. அந்துவனார் இரண்டாண்டுக்கு முன் காலமானார்.

இந்தப் பங்குனித் தொடக்கத்தில் தேவியாரின் ஓலை வந்தது. அமைச்சனே அதை அவையில் படித்தான். கோலும் இரு கைகளும் என்ற இடம் வந்ததும் மன்னர் எழுந்துவிட்டார். தேவியார் உடன் அனுப்பியிருந்த வரைபடத்தை வாங்கி, விரலால் அந்தக் கைகளைத் தடவிப் பார்த்தார். குழந்தை கையை நீட்டுகிறாள் என்றார். அவையில் பலர் கண் கலங்கினார்கள். அந்துவனார் முகத்தை மட்டும் கண்டார், பெரிய குழலில் கைகளும் தெரிகின்றன, அவர் பெயரையே எழுதி அனுப்பு என்று மன்னர் கட்டளையிட்டார்.

அமைச்சன் அன்று முதல்முறையாக வாய் திறந்தான். அந்த ஏட்டை வரைந்தவள் சேந்தி என்றான்.

யார் அவள் என்று மன்னர் கேட்டார்.

தேவியார் இதை நம்ப வேண்டும்: அவர் நடித்துக் கேட்கவில்லை. உண்மையாகவே நினைவில்லை. கன்னார் குடிப் பெண், மலையில் கண்ணாடி துலக்கியவள், உப்பளத்துக்கு அனுப்பப்பட்டவள் என்று அமைச்சன் சொன்னான். மன்னர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு, துலக்குகிறவளுக்கு இதில் என்ன என்று சொல்லிவிட்டு, மறுபடியும் வரைபடத்தைப் பார்க்கத் தொடங்கினார். அமைச்சன் ஓலையை எழுதினான். இலச்சினையும் இட்டான். தூதர் புறப்பட்டார்.

மறுநாள் அவன் யாரிடமும் சொல்லாமல் களர்முனைக்குப் போனான்.

களர்முனையைத் தேவியார் கண்டிருக்க மாட்டார். கண்ணுக்கு எட்டிய மட்டும் பாத்தி பாத்தியாக வெண்மை. ஒரு மரம் இல்லை. பகலில் அங்கே நிமிர்ந்தாலும் ஒளி, குனிந்தாலும் ஒளி. அமைச்சனுக்கு அரை நாழிகையில் கண்ணில் நீர் வழிந்தது. சேந்தி ஒரு பாத்தியின் வரப்பில் உட்கார்ந்து, உப்புநீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீர் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று சுவைத்துச் சொல்வது இப்போது அவள் வேலை. ஏனென்றால் வேறு வேலைக்குக் கண் வேண்டும். இரண்டு கண்ணிலும் ஓரத்திலிருந்து சதை வளர்ந்து கருமணியை மூடியிருந்தது. உப்பளத்தில் பலருக்கும் அப்படி ஆகும் என்று மேற்பார்வைக்காரன் சாதாரணமாகச் சொன்னான்.

அமைச்சன் பெயர் சொல்லுமுன் அவள், "மலையேறி வந்தவரு குரலு," என்றாள். எழுந்திருக்கவில்லை.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். துறைநாட்டில் பெரிய கண்ணாடி வார்த்திருக்கிறார்கள், நீ வரைந்தபடியே இருக்கிறதாம், உன்னை அழைக்கிறார்கள் என்றான். அவள் முகத்தில் மகிழ்ச்சி வரும் என்று எதிர்பார்த்தான். அவள் கேட்டது வேறு.

"கோலு எவ்ளோ சாஞ்சிருக்குன்னு போட்டிருக்காங்க?"

தேவியாரின் ஓலையிலிருந்து எடுத்த படி ஒன்று அவனிடம் இருந்தது. வடக்கிலிருந்து கிழக்காக முப்பத்தொரு பாகை என்று படித்தான்.

"நான் இருவத்தஞ்சுன்னு போட்டேன். அவங்க கண்ணாடி பெருசு. அவங்க சொல்றதுதான் சரியா இருக்கும். மேல படிங்க."

கைகளின் நீளம், நடுவின் பொலிவு எல்லாவற்றையும் படித்தான். தென்புறக் கையின் நுனியில் ஒரு சிறு மீன் என்று படித்ததும் அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"எங்க? திரும்பச் சொல்லுங்க."

தென்புறக் கையின் நுனியில்.

"இல்ல. அங்க மீனு இல்ல."

பெரிய கண்ணாடியில் தெரிந்திருக்கலாம், சிறியதில் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று அவன் சொன்னான்.

"ஐயா, மீனுன்னா புள்ளி. புள்ளி சுளுவாத் தெரியும். புகைதான் தெரியாது. அந்தக் கை எங்க போயி முடியுதுன்னு தெரியாம மூணு ராத்திரி அந்த நுனியவே பாத்துட்டு இருந்தேன். அவங்க கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரியுற மீனு அப்ப இருந்திருந்தா, எனக்குக் கையத் தேட வேண்டிய வேலையே இருந்திருக்காது. அது புதுசா வந்தது. தெனமும் பாக்கச் சொல்லுங்க. கூடுதா, கொறையுதான்னு குறிக்கச் சொல்லுங்க. உத்திரம் மேக்க விழுந்துட்டா அப்புறம் மாசக்கணக்கா பாக்க முடியாது."

அவள் குரல் அப்போதுதான் உயர்ந்தது. பாத்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அமைச்சன் அவள் முன் வரப்பில் உட்கார்ந்தான். தான் செய்ததற்குப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டான். அதற்கு அவள் சொன்னதை அமைச்சன் மறக்க முயன்றும் ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"உப்பளத்துக்கு அனுப்புனது கூடப் பெருசில்லீங்க. கண்ணு போனதும் போச்சு, இங்க எல்லாருக்கும் போகுது. நீங்க பாக்கலன்னு சொன்னீங்கல்ல, அன்னிக்கு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. இவ்ளோ பெரிய மனுசன் சபையில பொய் சொல்வாரா? அப்ப மலையில என் மனசு நோகக் கூடாதுன்னு தலையாட்டிட்டுப் போயிருக்காரு. நான்தான் இல்லாதத வரைஞ்சுட்டேன்னு நெனச்சேன். ஏழு வருசம். கண்ணு இருந்த வரைக்கும் ராத்திரியில அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன். வெறுங்கண்ணுக்குத் தெரியாதுன்னு தெரியும். ஆனாலும் மாட்டேன்."

பிறகு அவன் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"இப்பச் சொல்லுங்க. பாத்தீங்களா, இல்லையா?"

கண்டேன் என்றான்.

"என்னத்த?"

கோலைக் கண்டேன் என்றான். கைகளைக் கேட்டாள். ஒரு கை மட்டும் தெரிந்தது, மற்றது தெரியவில்லை என்றான்.

அவள் மூச்சை விட்டாள். "அப்ப நெசமாத்தான் பாத்திருக்கீங்க. பொய் சொல்றவங்க ரெண்டும் தெரிஞ்சுதுன்னு சொல்வாங்க. மொதத் தடவ பாக்குறவங்களுக்கு ஒண்ணுதான் தெரியும்." பிறகு, "பொறுத்துக்கறதப் பத்திக் கேட்டீங்க. அது எனக்கு வரலைங்கய்யா. பாத்தத மட்டும் அந்த அரசிக்கு எழுதிருங்க," என்றாள்.

திரும்பி வந்ததும், சித்திரைத் திருநாளில் விடுதலை பெறுவோர் பட்டியலில் நாற்பது பெயர்களுக்கு நடுவே அவள் பெயரையும் சேர்த்து மன்னர் முன் வைத்தான். மன்னர் படிக்காமல் ஒப்பமிட்டார். ஏழாண்டு அவ்வளவில் முடிந்துபோயிற்று. சிவிகையும் இரண்டு துணைப் பெண்களும் களர்முனைக்குப் போனார்கள். துறைநாடு வரை பத்திரமாகக் கொண்டு சேர்ப்பார்கள் என்று சொல்லச் செய்தான். அவள் வரவில்லை. பார்க்க முடியாத குழல் பக்கத்தில் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்து என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டாளாம். இந்தப் பாத்திகளுக்குள் மட்டும் யார் கையையும் பிடிக்காமல் நடக்கிறேன், அதையும் விட்டுவிட்டு வரச் சொல்கிறீர்களா என்று கேட்டாளாம். சிவிகை வெறுமையாகத் திரும்பிற்று.

நேற்றுக் காலை அமைச்சன் மன்னர் முன் சென்று, ஏழாண்டுக்கு முன் அவையில் தான் சொன்னது பொய் என்றும், துறைநாட்டுக்கு எழுதியதும் பொய் என்றும் கூறி, இலச்சினையைக் காலடியில் வைத்தான். மன்னர் சினக்கவில்லை. உனக்கு முதுமை வந்துவிட்டது நம்பா, போய் ஓய்வெடு என்றார். மேல்மாடத்தில் தேவியார் அனுப்பிய வரைபடத்தைச் சுவரில் பதித்திருக்கிறார்கள். அதன் கீழே இளவரசியின் பெயரைப் பொன்னெழுத்தில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த உளியோசையில் அமைச்சன் சொன்னதை மன்னர் முழுதாகக் கேட்டாரா என்பதும் தெரியவில்லை.

ஆகவே தேவியார் அறிய வேண்டுவது இது. அமைச்சு நீங்கிய நம்பன் தன் நினைவறிந்து, எவர் வற்புறுத்தலும் இன்றி எழுதித் தருவதாவது: ஏழாண்டுக்கு முன், சித்திரைத் தேய்பிறை ஒன்பதாம் நாள் இரவில், பனிக்கோட்டுக் குழலில், சேந்தி காட்ட, உத்திரத்தின் வடபால் மங்கலில் கோலை அவன் கண்டான். ஒரு கையைக் கண்டான். மற்றக் கையை அவன் காணவில்லை. கையின் நுனியில் மீன் இருந்ததா இல்லையா என்று அவனால் சொல்ல இயலாது. அதை அறியும் அளவுக்கு அவன் கண் பழகியதன்று. இல்லை என்பதற்குச் சேந்தி ஒருத்தியே சான்று. பொய்யுரைத்தவள் என்று இந்த நாடு தீர்த்தவளின் சொல்லை ஏற்பதும் தள்ளுவதும் தேவியாரின் விருப்பம்.

கட்டளையோடு முடிவது ஓலையின் முறை. கட்டளையிடும் பதவி நேற்றோடு போயிற்று. ஆகையால் வேண்டுகோளாகவே கொள்க. ஆவணி பிறந்தால் உத்திரம் மேற்கில் தாழ்ந்துவிடும். அதற்குமுன் அந்த மீனைத் தேவியாரின் கணியர் இரவுதோறும் பார்க்க வேண்டும். ஒரே நிலையில் நின்றால் பழைய மீன்; மங்கிக்கொண்டே போனால், அது புதிது. அவள் சொன்னது மெய். அப்போது அந்தச் செய்தியை ஓர் ஆளிடம் சொல்லி, ஓலையாக எழுதாமல், களர்முனைக்கு அனுப்ப வேண்டும். ஓலை போனால் அவளுக்குப் படித்துக் காட்ட அங்கே எவருமில்லை.

தேவியார் அனுப்பச் சொன்ன கண்ணை அனுப்பப் பொறைநாட்டால் இயலவில்லை.

சித்திரை இருபத்தெட்டாம் நாள், தன் இல்லத்தில், தன் கையால் எழுதினான் தாழிக்கிழான் நம்பன். அரச இலச்சினை இதில் இல்லை. அரக்கில் பதிந்திருப்பது அவன் பெருவிரல்.